ஈரலின் வலையும் ஈரல் புற்றுநோயும்: திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக் கொப்பியில் ‘ஃபைப்ரோசிஸ்’ (ஈரலில் தழும்பு) அல்லது ‘சிரோசிஸ்’ (தழும்பு முற்றிய நிலை) என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள், வீட்டில் ஒருவருக்கு ஈரலில் கட்டி என்று கேள்விப்பட்டவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் தழும்பேறிய ஈரலில்தான் முளைக்கிறது. அந்தத் தழும்பை அளக்க முடியும். கட்டி தெரிய வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அளக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

கலப்புறத் தாயம் என்றால் என்ன?

உடம்பின் இழையம் எதுவும் கலங்களால் மட்டும் ஆனதில்லை. கலங்களுக்கு இடையில், கலங்களே சுரந்து நெய்து வைத்த ஒரு வலை இருக்கிறது. அதைத்தான் பாடப்புத்தகம் கலப்புறத் தாயம் என்கிறது. இந்த வலையின் கயிறு கொலாஜன். இழுபட்டு மீளும் தன்மையைக் கொடுப்பது இலாஸ்டின். ஃபைப்ரோநெக்டினும் லாமினினும் கயிற்றைக் கலத்தோடு கட்டி வைக்கும் முடிச்சுகள். புரோட்டியோகிளைக்கன்களும் ஹயலுரோனிக் அமிலமும் தண்ணீரைப் பிடித்து வைத்து இடைவெளியை நிரப்பும் கூழ்.

நல்ல ஈரலில் இந்த வலை மிகக் கொஞ்சம். ஈரலின் ஈர நிறையில் ஏறத்தாழ 0.5 சதவீதம்தான், அதாவது 1.5 கிலோ ஈரலில் ஏழெட்டுக் கிராம். சந்தையில் வாங்கிய கோழி ஈரலை விரலால் அமத்திப் பாருங்கள், விரல் அப்படியே இறங்கும். பக்கத்தில் கிடக்கும் இறைச்சியின் வெள்ளைச் சவ்வை அமத்தினால் இறங்காது. சவ்வில் கொலாஜன் நிறைய இருக்கிறது, ஈரலில் இல்லை. மனித ஈரலும் இயல்பில் அந்தக் கோழி ஈரலைப் போல மெதுமையானதுதான்.

இந்த வலை ஈரலுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது?

ஈரலுக்குள் குருதி ஓடும் நுண்குழாய்களைக் குடாப்போலிகள் என்பார்கள். அவற்றின் சுவர்க் கலங்களில் சல்லடை மாதிரித் துவாரங்கள் உண்டு. ஒரு துவாரத்தின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை. அந்தச் சுவருக்கும் ஈரற் கலத்துக்கும் நடுவே டிஸ்ஸே இடைவெளி என்ற ஒடுங்கிய ஓடை இருக்கிறது. நல்ல ஈரலில் இங்கே கெட்டியான அடித்தள மென்சவ்வு கிடையாது, ஐதான வலை மட்டுமே. குடலிலிருந்து வரும் குருதியின் திரவப் பகுதி அந்த ஐதான வலை வழியே தடையில்லாமல் ஈரற் கலத்தைத் தொடும். ஈரல் தன் வேலையைச் செய்வது அப்படித்தான்.

இதே ஓடைக்குள் விண்மீன் கலங்கள் குந்தியிருக்கின்றன. உடம்பின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதியைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைப்பவை இவைதான். இந்த அமைதியான கலங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு வரும் கதை முழுக்க அவற்றைப் பற்றியது.

தழும்பு எப்படி ஏறுகிறது?

ஹெபடைற்றிஸ் பி அல்லது சி வைரஸ், மதுபானம், ஈரலில் ஏறிய கொழுப்பு என எது காரணமானாலும் பாதை ஒன்றேதான். ஈரற் கலங்கள் சாகின்றன. அழற்சிக் கலங்கள் வந்து சேருகின்றன. டீஜிஎஃப்-பீட்டா, பீடிஜிஎஃப் ஆகிய சமிக்ஞைப் புரதங்கள் வெளியாகின்றன. உடனே விண்மீன் கலம் தன் வைட்டமின் ஏ துளிகளை இழந்து, சுருங்கி விரியும் தசை நார்க் கலம் மாதிரி ஆகி, முதலாம் வகை, மூன்றாம் வகைக் கொலாஜனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது.

காயம் ஒரு தடவை வந்து போனால் வலை பொத்தப்பட்டு வேலை முடிந்துவிடும். மிஞ்சிய கொலாஜனை எம்.எம்.பி எனப்படும் வெட்டும் நொதியங்கள் கத்தரித்துத் துப்புரவாக்கும். காயம் பத்து, இருபது வருடம் விடாமல் தொடர்ந்தால் இரண்டு விடயங்கள் பிழைக்கின்றன. விண்மீன் கலங்கள் டிம்ப்-1 என்ற புரதத்தையும் சுரந்து அந்தக் கத்தரிகளின் வாயைக் கட்டிவிடுகின்றன. இன்னொரு பக்கம் லைசில் ஒக்சிடேஸ் என்ற நொதியம் கொலாஜன் கயிறுகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கிறது. பிணைபட்ட கயிற்றை வெட்டுவது கஷ்டம். பழைய தழும்பு புதுத் தழும்பை விடப் பிடிவாதமாக நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

முற்றிய சிரோசிஸில் வலையின் அளவு இயல்பை விட ஆறு மடங்கு வரை போகும். டிஸ்ஸே இடைவெளியில் லாமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் படிந்து சல்லடைத் துவாரங்கள் அடைபடுகின்றன. குருதி ஈரலுக்குள் நுழையச் சிரமப்பட்டு, குடலிலிருந்து வரும் வாயில் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்குகிறது, குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) குறைகின்றன. ‘ஈரல் பழுதாய்ப் போச்சு’ என்று ஊரில் சொல்வது இந்த நிலையைத்தான்.

தழும்புக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? தழும்பு வெறும் நார்தானே?

ஈரற் கலப் புற்றுநோய் வந்தவர்களில் 80 முதல் 90 சதவீதமானோருக்குச் சிரோசிஸ் முன்கூட்டியே இருக்கிறது. வெறும் நார் என்றால் இந்த எண்ணிக்கை வராது. காரணங்கள் பல, அவை ஒன்றையொன்று தூண்டுகின்றன.

முதலாவது இறுக்கம். கலத்தின் மேற்பரப்பில் இன்ரெக்ரின் எனப்படும் கொளுக்கிகள் உண்டு. கலம் இவற்றால் வலையைப் பிடித்து ஓயாமல் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். வலை மெதுமையாக இருந்தால் பிடி தளர்ந்து கலம் அமைதியாகும். வலை விறைத்திருந்தால் பிடி இறுகும், ஃபாக் என்ற நொதியம் விழிக்கும், யாப், டாஸ் என்ற புரதங்கள் கலத்தின் கருவுக்குள் புகுந்து ‘பிரி, பெருகு’ என்ற மரபணுக்களைத் திறந்துவிடும். இறுக்கம் என்ற பௌதிகத் தன்மை இப்படித்தான் உயிரியல் கட்டளையாக மாறுகிறது.

இரண்டாவது, வலை ஒரு களஞ்சியம். டீஜிஎஃப்-பீட்டா சுரக்கப்பட்டதும் வேலை செய்வதில்லை. ஒரு புரதக் கூட்டுக்குள் பூட்டப்பட்ட நிலையில் வலையில் கட்டிக் கிடக்கிறது. அந்தக் கூட்டைத் திறக்கும் வழிகளில் ஒன்று, கலம் இன்ரெக்ரினால் பிடித்து இழுப்பது. தோணிக் கயிற்றைக் கரையில் நட்ட கட்டையில் கட்டி இழுத்தால் கயிறு விறைக்கும், முடிச்சில் பலம் விழும். மிதக்கும் மரக்குற்றியில் கட்டி இழுத்தால் குற்றியும் கூடவே வரும், முடிச்சுக்கு ஒன்றும் ஆகாது. அதுபோல மெதுமையான ஈரலில் கூடு இழுபட்டுப் போகிறது, திறப்பதில்லை. இறுகிய ஈரலில் திறக்கிறது. வெளியான டீஜிஎஃப்-பீட்டா மேலும் கொலாஜனைச் சுரக்க வைக்கிறது, ஈரல் மேலும் இறுகுகிறது. இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சையின் பெரிய சவால்.

மூன்றாவது, தழும்புக்குள் மாட்டிய ஈரற் கலங்கள் செத்துச் செத்துத் திரும்ப முளைக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுப் பிழை ஏற வாய்ப்புண்டு. டேர்ட், பீ53, பீட்டா-கட்டெனின் ஆகிய மரபணுக்களில் அந்தப் பிழைகளை அடிக்கடி காண்கிறோம். பிழை ஏறிய கலத்தைக் கொல்ல வேண்டிய ரீ கலங்களை அடர்ந்த கொலாஜனும் டீஜிஎஃப்-பீட்டாவும் வெளியிலேயே மறித்து வைக்கின்றன. கடைசியாக, கட்டி வளர்ந்த பின் எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 கத்தரிகளைக் கட்டியே பயன்படுத்தி, நாளச் சுவரின் நான்காம் வகைக் கொலாஜனை வெட்டிக் குருதிக் குழாய்க்குள் இறங்குகிறது. ஈரல் புற்றுநோய் வாயில் நாளத்துக்குள் அடிக்கடி படர்வது இப்படித்தான்.

அப்படியானால் வலை முழுக்கக் கெட்டதா?

இல்லை. நேச்சர் இதழில் 2022இல் வந்த ஆய்வொன்று, விண்மீன் கலங்களில் இரண்டு கூட்டம் இருப்பதை எலிகளில் தெளிவாகக் காட்டியது. அமைதியாக இருக்கும் கூட்டம் எச்.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து ஈரற் கலங்களைக் காக்கிறது, புற்றுநோயைத் தடுக்கிறது. தழும்பு போடும் கூட்டம் முதலாம் வகைக் கொலாஜனாலும் அதன் இறுக்கத்தாலும் புற்றுநோயை வளர்க்கிறது. நோய் முற்ற முற்ற முதற் கூட்டம் குறைந்து இரண்டாவது பெருகுகிறது. ‘விண்மீன் கலங்களை எல்லாம் அழித்துவிட்டால் என்ன?’ என்று உயர்தர மாணவர்கள் கேட்பதுண்டு. காவலாளியும் சேர்ந்து அழிவார் என்பதே அதற்குப் பதில்.

கட்டியைச் சுற்றி நாராலான உறை உண்டாவதும் உண்டு. ‘கப்சூல் இருக்கிறது’ என்று சீ.ரீ அறிக்கையில் கண்டால் பதற வேண்டாம். முழுமையான உறைக்குள் அடங்கிய கட்டி, உறை கிழிந்த கட்டியை விடப் பொதுவாகக் குறைவாகவே பரவுகிறது.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, குடிப்பதில்லை. எனக்கும் இதற்கும் என்ன?

தொடர்பு நெருக்கமானது. இலங்கையில் ஈரல் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு வைரஸ் தொற்று இல்லை. கொழுப்பு ஈரலும் மதுபானமுமே முன்னுக்கு நிற்கின்றன. ராகம பகுதியில் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் காணப்பட்டது.

குருதியில் சீனி நீண்டகாலம் உயர்ந்திருந்தால் அது கொலாஜனில் ஒட்டி, ‘ஏஜ்’ எனப்படும் இறுதிப் பொருட்களாக மாறிக் கயிறுகளைத் தாறுமாறாகப் பிணைக்கிறது. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதில் ஒரு புது விடயத்தைச் சொன்னது. ஏஜ் சேர்ந்த வலை இறுகாமலே தன் இழுவைத் தன்மையை மாற்றிக்கொள்கிறது, அதுவே யாப் புரதத்தைத் தூண்டப் போதுமாக இருக்கிறது. சிரோசிஸ் வருமுன்னரே கொழுப்பு ஈரல்காரர் சிலருக்குப் புற்றுநோய் வருவதற்கு இது ஒரு விளக்கம். ஆகவே ‘குடிக்காத ஈரலுக்கு ஒன்றும் வராது’ என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஃபைப்ரோஸ்கான் எப்படிச் செய்கிறார்கள்? என்ன கவனிக்க வேண்டும்?

ஈரலின் இறுக்கத்தை ஊசி குத்தாமல் அளக்கும் கருவி இது. மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார்கள். வலது பக்க விலா எலும்புகளின் இடைவெளியில் ஜெல் பூசி, முனையை வைத்து அழுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் விலாவில் மெல்லச் சுண்டினது போல இருக்கும், வலிக்காது. அந்தச் சுண்டலின் அலை ஈரலுக்குள் ஓடும் வேகத்தைக் கருவி அளக்கிறது. இறுகிய ஈரலில் அலை வேகமாக ஓடும். செல்லுபடியாகும் அளவீடுகள் 10 எடுத்து, நடுமதிப்பைக் கிலோபாஸ்கலில் தருவார்கள்.

பிழை வரும் இடங்கள் இவை. சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரலுக்குக் குருதி கூடி அளவு பொய்யாக ஏறும். ஆகவே 3 மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ பஸ்ஸில் போகிறவர்கள் விடியச் சாப்பிட்டுவிட்டு, பரிசோதனைக்குப் பிறகு சாப்பிடப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது என்று முதலிலேயே கிளினிக்கில் கேட்க வேண்டும். கடும் ஹெபடைற்றிஸ், இதய பலவீனம், பித்தக் குழாய் அடைப்பு இருந்தாலும் அளவு பொய்யாக உயரும். வயிற்றில் நீர் கட்டியிருந்தால் அளவே எடுபடாது. பருமனானவர்களுக்குப் பெரிய முனை தேவை. அறிக்கையில் ‘ஐ.க்யூ.ஆர்’ என்பதற்கு நேரே 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அளவீடுகள் சிதறியிருக்கின்றன என்று பொருள். திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும், பலர் மாறிப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். கிலோபாஸ்கல் எண் தழும்பைக் காட்டுகிறது. 200, 300 என்று டெசிபெலில் வரும் ‘கப்’ எண் கொழுப்பை மட்டுமே காட்டுகிறது. இறுக்க எண் 5 அளவில் இருந்தால் ஈரல் மெதுமையாக இருக்கிறது. காரணம் தெரிந்த நீண்டகால ஈரல் நோயாளிக்கு 10க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு அநேகமாக இல்லை. 15க்கு மேலே போனால் முற்றிய நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றால் வாயில் நாள அழுத்தமும் ஏறியிருக்கும். 20க்குக் கீழே இருந்து சிறுதட்டு 150,000க்கு மேலே இருந்தால் உணவுக்குழாய் நாளங்களைப் பார்க்கும் எண்டொஸ்கொப்பியை ஒத்திவைக்கலாம்.

அந்தக் கருவி பக்கத்தில் இல்லை. வேறு வழி?

உண்டு. ஃபிப்-4 என்ற கணக்கைச் சாதாரண இரத்த அறிக்கையை வைத்தே போடலாம், காசும் மிச்சம். வயதை ஏ.எஸ்.ரீ என்ற ஈரல் நொதியத்தின் அளவால் பெருக்குங்கள். சிறுதட்டு எண்ணிக்கையை ஏ.எல்.ரீ என்ற இன்னொரு ஈரல் நொதியத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள்.

58 வயதுக்காரர் ஒருவர், ஏ.எஸ்.ரீ 62, ஏ.எல்.ரீ 49, சிறுதட்டு 140,000 என்று வைப்போம். 58 × 62 = 3596. 49இன் வர்க்கமூலம் 7. 140 × 7 = 980. வகுத்தால் 3.67. சிறுதட்டை ஆயிரத்தில் போட வேண்டும், அதாவது 140,000 என்றால் 140. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

கொழுப்பு ஈரலில் 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எல்லை 2.0. விடை 2.67ஐத் தாண்டினால் ஈரல் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். இடையில் வந்தால் ஃபைப்ரோஸ்கான் எடுப்பது நல்லது. 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. நம்மூருக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. டெங்கு வந்தால் சிறுதட்டு விழும், ஏ.எஸ்.ரீ ஏறும், கணக்குப் பயமுறுத்தும் விடையைத் தரும். காய்ச்சல் முற்றாக மாறிச் சில வாரங்கள் போன பிறகு எடுத்த இரத்த அறிக்கையில்தான் ஃபிப்-4 போட வேண்டும்.

பயொப்சி அறிக்கையில் ‘எஃப்3’, ‘ரெட்டிகுலின்’ என்றெல்லாம் இருக்கிறது. என்ன பொருள்?

எஃப்0 முதல் எஃப்4 வரை தழும்பின் படிகள். எஃப்0 என்றால் தழும்பில்லை. எஃப்3இல் தழும்புப் பாலங்கள் பல இருக்கும். எஃப்4 சிரோசிஸ். பயொப்சிக்காக ஊசி எடுக்கும் துண்டு ஈரலின் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான், ஆகவே 2 சென்ரிமீற்றர் நீளமாவது இருந்தால்தான் படியை நம்பலாம்.

ரெட்டிகுலின் என்பது வெள்ளிச் சாயத்தால் மூன்றாம் வகைக் கொலாஜனைக் கறுப்பாகக் காட்டும் முறை. நுணுக்குக்காட்டியின் கீழ் நல்ல ஈரலைப் பார்த்தால், ஈரற் கலங்கள் ஒன்று அல்லது இரண்டு கல அகலத்தில் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசையின் இரு கரையிலும் மயிர் மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். ஈரற் கலப் புற்றுநோயில் வரிசை மூன்று கலம், அதற்கு மேலும் தடிக்கும். கறுப்புக் கோடுகள் அறுந்து, பல இடங்களில் இல்லாமலே போயிருக்கும். சுற்றிவர ஈரல் முழுக்கத் தழும்பு, கட்டிக்குள்ளேயோ மெல்லிய தாங்கு வலை காணாமற் போயிருக்கிறது. ‘ரெட்டிகுலின் இழப்பு’ என்ற சொல்லை நோயியல் வைத்தியர் எழுதினால் அதற்கு மிகுந்த பாரம் உண்டு.

‘கிளிப்பிக்கன்-3 பொசிற்றிவ்’ என்பதும் வலைக் குடும்பத்துப் புரதம் ஒன்றைத்தான் சொல்கிறது. சிசுவின் ஈரலில் இருக்கும், வளர்ந்தவரின் நல்ல ஈரலில் இராது, புற்றுநோயில் திரும்ப வரும்.

அப்பாவுக்கு ஈரலில் கட்டி, பயொப்சி எடுக்காமலே புற்றுநோய் என்கிறார்கள். அது சரியா?

சிரோசிஸ் உள்ளவருக்குச் சரியாக இருக்கலாம். 1 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி, சாயம் ஏற்றிய சீ.ரீ அல்லது எம்.ஆர்.ஐயில் சாயம் நாடி வழியே வரும் முதற் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலை விட மங்கினால், அந்தக் கோலமே நோயை உறுதிப்படுத்தப் போதும். ஊசி போட்ட பாதையில் புற்றுக்கலம் விதைபடும் ஆபத்து 100 பேரில் 2–3 பேருக்கு அல்லது அதற்குக் குறைவானவர்களுக்கு உண்டு, குருதி கசியும் பயமும் இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் ஊசியைத் தவிர்ப்பது நல்ல வைத்தியம்தான். சிரோசிஸ் இல்லாதவரில் இந்தக் கோலத்தை மட்டும் நம்ப முடியாது, அவருக்குப் பயொப்சி வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் என்கிறார்கள். வருடத்துக்கு ஒன்று போதாதா?

போதாது. ஈரல் கட்டியின் பருமன் இரட்டிப்பாக நடுத்தரமாக 4 முதல் 6 மாதம் எடுக்கிறது. 3 சென்ரிமீற்றருக்குள் பிடித்தால் வெப்பத்தால் சுட்டோ வெட்டியோ குணமாக்க வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்கானைத் தவறவிட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தால் ஆரம்பக் கட்டிகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தையே பிடிக்கிறது, கட்டி சுரக்கக்கூடிய ஏ.எஃப்.பி என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் 63 சதவீதம். தழும்பால் மேடுபள்ளமான ஈரலில் சிறு கட்டி ஒளிந்துகொள்வதே குறை. ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். முந்திய அறிக்கைகளை ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்கள், ஏ.எஃப்.பி 8இலிருந்து 15, 15இலிருந்து 30 என்று ஏறுவது தனி எண்ணை விட அதிகம் பேசும்.

சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும் இது வேண்டும். ஹெபடைற்றிஸ் பி உள்ளவர்களில் சிரோசிஸ் இல்லாவிட்டாலும் 40 தாண்டிய ஆண்களுக்கும் 50 தாண்டிய பெண்களுக்கும், குடும்பத்தில் ஈரல் புற்றுநோய் வந்தவர்களுக்கும் வேண்டும்.

ஏறிய தழும்பு கரையுமா?

கரையும், காரணம் நின்றால். முன்பெல்லாம் சிரோசிஸ் திரும்பாது என்றே படிப்பித்தார்கள், அது பிழை. ஹெபடைற்றிஸ் பிக்குத் தெனோஃபோவிர் 5 வருடம் குடித்தவர்களில், ஆரம்பத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு, மறுபடி எடுத்த பயொப்சியில் சிரோசிஸ் காணப்படவில்லை. 2013இல் வெளியான முடிவு இது. ஹெபடைற்றிஸ் சி இப்போது 12 வாரக் குளிசையில் 100இல் 95க்கு மேற்பட்டோருக்குக் குணமாகிறது. கொழுப்பு ஈரலில் உடல் எடையில் 10 சதவீதத்தைக் குறைத்தவர்களுக்குத் தழும்பும் குறைகிறது, 80 கிலோ என்றால் 8 கிலோ. சோற்றுக் கோப்பையைப் பாதியாக்கி மரக்கறியும் மீனும் கூட்டுவது, இனிப்பு ஊற்றிய தேநீரை நிறுத்துவது, வாரத்தில் 150 நிமிடம் வேர்க்க நடப்பது என்று 6 முதல் 12 மாதத்தில் அடையக்கூடிய இலக்கு.

குறுக்கே இறுகப் பிணைபட்ட பழைய நார் முழுக்கப் போகாது. ஒருமுறை சிரோசிஸ் என்று எழுதப்பட்டவர், எண் இறங்கினாலும் ஆறு மாத ஸ்கானை விடக்கூடாது. வைரஸ் குணமான சந்தோஷத்தில் கிளினிக்கை நிறுத்தியவர்களில் பின்னர் கட்டி காணப்படுவது எங்களுக்கு மிகவும் மனவருத்தம் தரும் விடயம்.

கால் போத்தல் மட்டும்தான், அதுவும் வேலை முடிந்து. பரவாயில்லையா?

180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 47 கிராம் அற்ககோல் இருக்கிறது. நாளாந்தம் 30 கிராமுக்கு மேல் போனால் ஆணின் ஈரலுக்குப் பாதிப்பு ஏறத் தொடங்கும், பெண்ணுக்கு 20. தழும்பு தொடங்கிய ஈரலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை, முழுக்க நிறுத்த வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், ஆகவே வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சுறா எண்ணெய், கொலாஜன் தூள், கீழ்க்காய்நெல்லி உதவுமா?

விண்மீன் கலம் வைட்டமின் ஏயை இழக்கிறது என்று வாசித்துவிட்டு மீன் ஈரல் எண்ணெய் வாங்கிக் குடிக்க வேண்டாம். மிஞ்சிய வைட்டமின் ஏ விண்மீன் கலங்களையே தூண்டித் தழும்பு போடும். மூட்டு வலிக்கு எடுக்கும் கொலாஜன் தூள் குடலில் சமிபாடடைந்துவிடும், ஈரலில் போய்ப் படியாது. கீழ்க்காய்நெல்லி தழும்பைக் கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எந்த மூலிகையானாலும் கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு எடுக்காதீர்கள், எடுப்பதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம். கோப்பி குடிப்பவர்களில் தழும்பும் ஈரல் புற்றுநோயும் குறைவாகக் காணப்படுகின்றன. சீனி போடாமல் நாளுக்கு இரண்டு, மூன்று கோப்பை குடிப்பதில் தவறில்லை.

வலை, சிகிச்சையை எப்படிப் பாதிக்கிறது? வலையைத் தாக்கும் மருந்து இல்லையா?

நல்ல ஈரலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளரும். சிரோசிஸ் ஈரலில் குறைந்தது 40 சதவீதத்தை விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் தழும்புக்குள் கலம் வளர இடமில்லை. ‘கட்டி சின்னது, ஏன் வெட்டவில்லை?’ என்ற கேள்விக்கு இதுவே பெரும்பாலும் பதில். ஈரல் மாற்றுச் சிகிச்சை கட்டியையும் தழும்பையும் ஒன்றாக அகற்றுவதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஒரே கட்டி 5 சென்ரிமீற்றருக்குள், அல்லது மூன்று வரை ஒவ்வொன்றும் 3க்குள், நாளத்தில் படராமல் இருக்க வேண்டும் என்பது 1996இல் மிலானில் வகுத்த அளவுகோல். கட்டியைச் சுடும் சிகிச்சையில் தழும்பு ஒரு நன்மையும் செய்கிறது: சுற்றியுள்ள நார் வெப்பத்தை வெளியே விடாமல் போறணை மாதிரிப் பிடித்து வைக்கும்.

முற்றிய கட்டிக்கு அத்தேசொலிசுமாப், பெவசிசுமாப் ஆகிய இரண்டும் சேர்ந்த சிகிச்சை 2020 முதல் முன்னணியில் இருக்கிறது. அது நோய் எதிர்ப்புக் கலங்களை நம்பிய மருந்து, ரீ கலத்தை வலை மறித்தால் பயன் குறையும். நேரே வலையைத் தாக்கும் முயற்சிகள் இதுவரை கைகொடுக்கவில்லை. கத்தரி நொதியங்களைத் தடுத்த மரிமாஸ்டாட் மூட்டு வலியைத் தந்தது, புற்றுநோயை அடக்கவில்லை. கொலாஜன் பிணைப்பைத் தடுக்க வந்த சிம்துசுமாப் தழும்பைக் குறைக்கவில்லை. வலையின் எந்தக் கயிறை, எந்தக் கட்டத்தில் அறுப்பது என்று அறியாமல் அறுத்ததே இவற்றின் குறை என்று நாங்கள் கருதுகிறோம்.

சிரோசிஸ் உள்ளவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

உடம்பு வலிக்கு டைக்குளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம், சிறுநீரகத்தையும் குருதி உறைவையும் கெடுக்கும். பரசிற்றமோல் நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நாலுக்குள். மட்டி, சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. காலில் புண்ணோடு கடலில் இறங்கவும் கூடாது. விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற கடல் பற்றீரியா சிரோசிஸ்காரரை ஓரிரு நாளில் உயிராபத்துக்குக் கொண்டு போகும். கடற்றொழில் செய்யும் வீடுகளில் இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். புரதம் குறைக்க வேண்டியதில்லை, மீன், முட்டை, பருப்பு கொடுங்கள். படுக்கப் போகுமுன் சிறிது உணவு நல்லது, இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் தசை கரையும்.

கொழும்புக்கோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கடிதம் கொடுத்து அனுப்பினால், சீ.ரீ அறிக்கையோடு படங்கள் உள்ள சீ.டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைக் கடதாசி மட்டும் கொண்டு போனால் ஸ்கானைத் திரும்ப எடுக்க நேரும். இரவு ரயிலில் போகிறவர்கள் நோயாளியின் மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், அட்டவணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குருதி வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், பகலில் உறங்கி இரவில் விழித்துப் பிதற்றுதல், கையை நீட்டினால் இறக்கை அடிப்பது போல மணிக்கட்டு ஆடுதல், வயிற்றில் நீர் கட்டியவருக்குக் காய்ச்சல் அல்லது வயிற்று வலி என்று எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல், அந்த நேரமே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.